படகின் சுக்கானும் பாஸ்கலின் விதியும்



பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் பெயரைப் பௌதிகப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். மூடிய கலத்தில் நிறைந்துள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அவ்வழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது அவர் கண்ட விதி. 1662ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். விதியை விளக்கும் அவருடைய நூல் அதற்கு மறு ஆண்டில்தான் வெளிவந்தது. இவ்விதியைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுதல் எளிது. ஒரு பொறி கோளாறுற்று நிற்கும்போது, இதே விதியைத் துணையாகக் கொண்டு காரணத்தைத் தேடுதல் அத்துணை எளிதன்று. அதற்கோர் எடுத்துக்காட்டாக மோட்டார் படகின் சுக்கானை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கா முதலிய நாடுகளில் ஏரிகளிலும் கடலோரங்களிலும் மக்கள் பொழுதுபோக்காக ஓட்டும் சிறு படகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இவற்றுள் பலவற்றில் எஞ்சின் படகின் பின்புறத்தில் வெளியே தொங்கும். தனியாகச் சுக்கான் பலகை கிடையாது. எஞ்சின் முழுவதுமே இடமும் வலமும் திரும்பிப் படகைத் திருப்புகிறது. சிறு எஞ்சினாயின், உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பி ஒன்றே அதைத் திருப்பப் போதும். குதிரைத் திறன் மிகுந்த எஞ்சினை அவ்வாறு திருப்பினால் கை சலித்துவிடும். ஆகவே அங்கே எண்ணெய் வேலை செய்கிறது.

ஓட்டுநர் பிடிக்கும் சக்கரத்தின் பின்னால் ஒரு சிறு பம்பு இருக்கிறது. அதிலிருந்து இரண்டு குழாய்கள் பின்புறம் சென்று, எஞ்சினோடு இணைந்த ஒரு சிலிண்டரின் இரு முனைகளிலும் சேர்கின்றன. சக்கரத்தை வலமாகச் சுற்றினால் எண்ணெய் ஒரு குழாய் வழியே சென்று பிஸ்டனைத் தள்ளும். மறுபக்கத்து எண்ணெய் மற்றொரு குழாய் வழியே பம்புக்குத் திரும்பும். பம்பினுள் ஒருவழி வால்வுகளும் உண்டு. சைக்கிள் டியூபின் வால்வு காற்றை உள்ளே விட்டு வெளியே விடாததுபோல, சக்கரம் சும்மா இருக்கும்போது எண்ணெய் திரும்பி ஓடாதபடி இவை தடுக்கின்றன.

இத்தடையின் அருமையைச் சற்றே சொல்லவேண்டும். நீரில் சுழலும் விசிறி எஞ்சினை எப்போதும் ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும். பிடிப்பு நழுவினால் படகு திடீரென்று வளைந்து, ஓட்டுபவரை நீரில் வீசிவிடக்கூடும். அதன் பின்னும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்குமாயின், ஆளற்ற படகு வட்டமிட்டு, விழுந்தவரிடமே திரும்பி வரும். சுழல்கின்ற விசிறியின் முன் மனித உடல் எம்மாத்திரம்! அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் எஞ்சினை நிறுத்தும் விசை பொருத்தப்பட்டிருந்தால், அதன் கயிற்றை ஓட்டுநர் தம் உடலில் மாட்டிக்கொண்டே திறந்த படகை வேகமாக ஓட்டவேண்டும் என்ற சட்டம் 2021 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓட்டுநர் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். சுக்கான் கோளாறு வெறும் அசௌகரியமன்று என்பது இதனால் விளங்கும்.

இனிக் கோளாறுகளைக் காண்போம். மிகுதியாகக் காணப்படுவது, சக்கரம் பஞ்சுபோல் மெத்தென்று இருப்பது. சுற்றினால் எஞ்சின் உடனே திரும்புவதில்லை. கையை விட்டால் சக்கரம் சிறிது பின்னோக்கி வருகிறது. உடனே பம்பு கெட்டுவிட்டது என்று புதிய பம்பு வாங்க ஓடுவோர் உண்டு. அவசரம்! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 28 கன சென்டிமீட்டர் எண்ணெய் தள்ளும் பம்பும், 140 கன சென்டிமீட்டர் கொள்ளும் சிலிண்டரும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எஞ்சினைத் திருப்ப ஐந்து சுற்றுகள் வேண்டும். குழாயில் 10 கன சென்டிமீட்டர் காற்று புகுந்திருந்தால் என்ன ஆகும்? அழுத்தம் பத்து மடங்கு உயரும்போது, பாயில் விதிப்படி அக்காற்று 1 கன சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். காலியான 9 கன சென்டிமீட்டர் இடத்தை நிரப்பவே ஏறத்தாழ மூன்றிலொரு சுற்று வீணாகிவிடும். கையை விட்டதும் காற்று மீண்டும் விரிகிறது. சக்கரம் பின்னோக்கி வருவது அதனாலேதான். அதே அழுத்தத்தில் எண்ணெய் ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் சுருங்குவதில்லை. எனவே மெத்தென்ற சக்கரம் பெரும்பாலும் காற்றையே சுட்டுகிறது; பம்பை அன்று.

காற்றை வெளியேற்றுவதற்கு மூவர் இருந்தால் நலம். பம்பின் வாயில் எண்ணெய்ப் புட்டியைக் குழாய் மூலம் இணைத்து ஒருவர் பிடித்துக்கொள்ளவேண்டும். மற்றொருவர் சக்கரத்தை ஒரு கோடிவரை சுற்றவேண்டும். சிலிண்டரில் எண்ணெய் வந்து சேரும் பக்கத்தில் உள்ள சிறு திருகை மூன்றாமவர் சற்றே தளர்த்தி, பிஸ்டன் தண்டு அசையாமல் பிடித்துக்கொண்டால், நுரையோடு எண்ணெய் வெளிவரும். குமிழி இன்றித் தெளிந்த எண்ணெய் வரும்வரை சுற்றி, திருகை இறுக்கி, பின்பு மறுபக்கத்துக்கும் அவ்வாறே செய்யவேண்டும். இடையில் புட்டி வறண்டுவிட்டால் பம்பு மறுபடியும் காற்றையே குடிக்கும். அதுவரை பட்ட பாடு வீண். ஊற்றும் எண்ணெய், செய்தவர் குறிப்பிட்ட எண்ணெயாகவே இருக்கட்டும். கைக்குக் கிடைத்தது என்று மோட்டார் வண்டியின் பிரேக் எண்ணெயை ஊற்றினால், உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுப்போகும்.

காற்று எவ்வழி புகுந்தது என்று காணாமல் விட்டால் அது மீண்டும் வரும். எண்ணெய் கசிந்து அளவு குறைந்தாலன்றிக் காற்றுக்கு அங்கே இடமேது? உலர்ந்த துணியால் சக்கரத் தண்டின் அடி, குழாய்களின் இணைப்புகள், சிலிண்டரின் இரு முனைகள் ஆகியவற்றைத் துடைத்துவிட்டு, சக்கரத்தைச் சில முறை சுற்றிப் பாருங்கள். புதிதாக ஈரம் தோன்றும் இடமே கசிவிடம். கடல் நீரின் உப்பு படிந்து பிஸ்டன் தண்டு சொரசொரத்துப்போனால் முனையிலுள்ள வளையம் தேய்ந்துவிடும். இத்தொல்லை புதியதன்று. 1795ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நீர் அழுத்தப் பொறிக்கு உரிமை பெற்ற ஜோசப் பிரமாவும் தண்டின் ஓரத்துக் கசிவால் அல்லலுற்றார். அழுத்தம் கூடக்கூடத் தானே இறுகும் தோல் வளையத்தை அமைத்து அதைத் தீர்த்த பெருமை அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயைச் சேர்ந்தது என்பர். ஒரு எச்சரிக்கை: எண்ணெயை வாய்வரை நிரப்பிவிட்டால், வெயிலில் அது விரிந்து மூடி வழியே சொட்டும். அதைக் கசிவு என்று மயங்கவேண்டாம்.

வேறொரு நோய், சக்கரம் நழுவுவது. ஒரு கோடிவரை சுற்றியபின் இலேசாக அழுத்தினாலும் சக்கரம் நிற்காமல் மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டே போகும். காற்றாயின் எதிர்த்துத் தள்ளும். இது தள்ளாது, வெறுமனே விட்டுக்கொடுக்கும். எண்ணெய் எங்கோ உள்ளுக்குள்ளேயே பக்கம் மாறுகிறது என்று கொள்ளலாம். எஞ்சினைக் கையால் தள்ளினால் சக்கரமும் சுழலுமாயின், ஒருவழி வால்வின் இருக்கையில் தூசி சிக்கியிருக்கலாம். ஒரு மணல் துகள் போதும். சக்கரம் அசையாமலே எஞ்சின் நகர்ந்துகொண்டு போனால், பிஸ்டனின் வளையத்தின்மேல் ஐயம் கொள்ளவேண்டும்.

சக்கரம் கனத்துப்போனால்? படகைத் துறையில் கட்டி, எஞ்சினை நிறுத்தி, சிலிண்டரை எஞ்சினோடு பிணைக்கும் இணைப்பைக் கழற்றுங்கள். இப்போது சக்கரம் இலேசாகச் சுழன்றால் எண்ணெய் அமைப்பு குற்றமற்றது. எஞ்சின் திரும்பும் அச்சில் கிரீஸ் காய்ந்தோ துரு ஏறியோ இருக்கவேண்டும். கையால் அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கழற்றிய பின்னும் கனத்தால்தான் குழாய் மடங்கியதா, தண்டு வளைந்ததா என்று ஆராயவேண்டும். ஓடும்போது ஒரு பக்கம் மட்டும் கனத்தால், சுழல் விசிறிக்கு மேலே உள்ள சிறு உலோகத் துடுப்பு சரியாகத் திருப்பி வைக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

பழுது நீங்கியதும் துறையிலேயே சுற்றுகளை எண்ணுங்கள். முன்பு சொன்ன படகாயின் ஐந்துதான் வரவேண்டும். ஏழு வந்தால், இரண்டு சுற்றுக்குரிய 56 கன சென்டிமீட்டர் எண்ணெய் இன்னும் வழி தவறுகிறது என்று பொருள். சரியாக வந்தால், கயிற்றை மாட்டிக்கொண்டு, கரையோரமாக மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் எண்ணெயின் அளவைப் பாருங்கள். சிறிது குறைந்திருந்தால், எஞ்சியிருந்த குமிழிகள் மேலே வந்து போய்விட்டன எனலாம், நிரப்பிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளும் குறையுமானால், துணியை எடுத்துக்கொண்டு மீண்டும் கசிவைத் தேடவேண்டியதுதான்.