உத்தியோகமும் ஓய்வுநேர உழைப்பும்

(நம் சங்கத்தின் அரியலூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் மானாவாரி நிலத்தை உழுதுண்ட நம்மவர் இல்லங்களிலிருந்து இன்று மென்பொருள் பொறியாளர் பலர் தோன்றிச் சென்னையிலும் பெங்களூரிலும் நற்சம்பளம் பெறுகின்றனர். நகையை அடகு வைத்துப் படிப்பித்த பெற்றோர்க்கு இதனினும் மகிழ்ச்சி யாதுளது? ஆயினும், இன்று யாம் பேச வந்தது அவர்தம் சம்பளத்தைப் பற்றியன்று. சம்பளம் இல்லாத பொழுதைப் பற்றியே.

முதற்கண் எம் பிழையொன்றைக் கூறி விடுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பயின்ற சிறுவன் ஒருவன், ஓடைகளிலே பொறுக்கிய கல்லாய்ச் சமைந்த கிளிஞ்சல்களைப் பைநிறையக் கொண்டு வருவான். தேர்வு நெருங்கிய ஒரு நாள், அவற்றைப் பள்ளிக் கிணற்றிலே கொட்டும்படி ஆணையிட்டோம். அவன் அழவில்லை, அதன்பின் பொறுக்கவும் இல்லை. இன்று அவன் பொறியாளன். சென்ற பொங்கலுக்கு எம்மைக் காண வந்தபோது, “விடுமுறை நாளில் என்ன செய்வாய், தம்பி?” என வினவினோம். “உறங்குவேன், ஐயா. வேறொன்றும் செய்யத் தோன்றுவதில்லை” என்றான். அவ்விடை எம் நெஞ்சைச் சுட்டது.

அக்கிளிஞ்சல்கள் வெறுங்கற்கள் அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் கடலாய்க் கிடந்தமைக்குச் சான்றுகள். நம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை 1940-இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். வாரணவாசியில் இன்று புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் உளது. அறிஞர் போற்றும் பொருளைக் கண்டெடுத்த பிள்ளையை யாம் வீணன் என்று கடிந்தோம்.

இத்தகைய ஈடுபாடு உத்தியோகத்தைக் கெடுக்கும் என்பார்க்கு மலேசியாவைக் காட்டுவோம். ஆங்குத் தமிழாசிரியராயும் கவிஞராயும் விளங்கிய முரசு நெடுமாறன் அவர்களின் மைந்தர் முத்து நெடுமாறன், கணினிப் பொறியாளர். உத்தியோகம் ஒருபுறம் நடக்க, தமிழெழுத்தின்மீது கொண்ட காதலால் 1985-இல் முரசு என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கினார். கைப்பேசியில் தமிழில் எழுதுதற்கு அவர் அமைத்த செல்லினம் 2005-இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. ஆப்பிள் கணினிகளில் விளங்கும் இணைமதி எழுத்துருவும் அவர் வடித்ததே. உத்தியோகம் அவர்க்கு ஊதியம் தந்தது. ஓய்வுநேர உழைப்போ தமிழ் கூறும் மக்கள் அனைவர்க்கும் பயன் தந்தது.

மேலும், கணினித் தொழில் ஆண்டுதோறும் புதுக்கோலம் கொள்வது. இன்று கற்றது நாளை பழையதாகும். ஏவாமலே கற்கும் மனம் உடையவனே அதில் நிலைப்பான். அம்மனம் கல்லூரியில் விலைக்குக் கிடைப்பதன்று. ஓடைக்கரையிலும் திண்ணையிலும் இளமையிலேயே முளைப்பது. அதனைக் கிள்ளுவோர் பெரும்பாலும் பெற்றோரும் எம்போன்ற ஆசிரியருமே என்பதை நாணத்தோடு ஒப்புகின்றோம்.

ஆகையால், சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஏழை மாணவர்க்குக் கட்டணமும் நூலும் உதவுவதோடு, நம் சங்கக் கட்டடத்திலே கண்ணாடி அலமாரி ஒன்றும் வைத்தல் வேண்டும். சிறுவர் வரைந்தவை, செய்தவை, கண்டெடுத்தவை யாவும் அவரவர் பெயரோடு அதில் இடம் பெறுக. பெற்றோரே! ஞாயிறு மாலை ஒரு நாழிகையேனும் பிள்ளைகளை அவர்கள் விருப்பத்திற்கு விட்டுவிடுங்கள்.

அலமாரியின் முதல் தட்டை நிரப்ப வருமாறு அம்மாணவனுக்குக் கடிதம் எழுதியுள்ளோம். விடை இன்னும் வரவில்லை. வரும் கோடையில் அவன் ஊர் திரும்புங்கால், அவனோடு யாமும் ஓடைக்குச் செல்வோம். கொட்டச் சொன்ன கையாலேயே பொறுக்கியும் கொடுப்போம்.