கப்பலுக்கு ஒரு சட்டம், களத்துமேட்டுக்கு ஒரு சட்டமா?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே!

இந்த மேடையில் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைக்கப்போகிறேன். நம் வயலில் விளைகிற உளுந்துக்கு ஒரு சட்டம், கப்பலில் வந்து இறங்குகிற பருப்புக்கு வேறொரு சட்டம், இது எந்த ஊர் நியாயம்?

உளுந்து எப்படி விளைகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெல்லியில் உட்கார்ந்து உத்தரவு எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன். தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நெற்பயிர் நிற்கும்போதே, மண் மெழுகு பதத்தில் இருக்கிறதா என்று மிதித்துப் பார்த்து விதையைத் தெளிக்கிறோம். ஈரம் அதிகமானால் விதை அழுகும், காய்ந்துவிட்டால் முளைக்காது. முளைத்த செடியிலும் அறுவடை இயந்திரம் ஏறிய தடத்தில் இருந்ததெல்லாம் நசுங்கிப் போகும். பிழைத்தது மண்ணின் ஈரத்தையும் தை, மாசிப் பனியையும் நம்பி வளர்கிறது. கோடையில் நம் வீட்டுச் செலவுக்குக் கையில் வருகிற காசு அது ஒன்றுதான்.

அந்த உளுந்தை அடித்து, தூற்றி, சலித்து, மூட்டை பிடித்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோகிறோம். அங்கே என்ன நடக்கிறது? மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுக்கிறார்கள். அரசு ஆதரவு விலைக்கு வாங்க வேண்டுமானால் ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கல், மண், தூசி 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சுருங்கிய மணிக்கு ஓர் அளவு, வண்டு துளைத்த மணிக்கு ஓர் அளவு. கருவியில் முள் கொஞ்சம் நகர்ந்தால் போதும், மூட்டையைத் திருப்பிக் களத்துக்கு ஏற்ற வேண்டியதுதான். வண்டி வாடகை நம் தலையில்.

நெல்லின் கதை தெரிந்ததுதான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் மாநில அரசு தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் எழுத வேண்டும். அங்கிருந்து குழு வர வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும், திரும்பிப் போய் யோசிக்க வேண்டும். அதற்குள் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிட்டுவிடுகிறது.

தரம் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சாப்பிடுகிற பொருளைச் சோதித்துத்தான் வாங்க வேண்டும். நாம் விளைவிப்பதை நம் பிள்ளைகளும்தான் சாப்பிடுகிறார்கள். அந்தக் கண்டிப்பு துறைமுகத்தில் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அதற்குத் தேயிலைத் தோட்டத்திலும் பயிர் இல்லாத நிலத்திலும்தான் அனுமதி. 2022 அக்டோபரில் மத்திய அரசு இன்னும் ஒரு படி மேலே போய், பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அதைத் தெளிக்கலாம் என்று உத்தரவு போட்டது. உளுந்து வயலில் நீங்கள் அதைத் தெளித்தால் அது விதிமீறல்.

கனடாவில்? அங்கே மைசூர்ப் பருப்பு, பட்டாணி வயல்களில் அறுவடைக்கு முன்னால் அதே மருந்தைத் தெளிக்கச் சட்டமே இடம் தருகிறது. அந்தப் பருப்பும் பட்டாணியும்தான் கப்பல் ஏறி இங்கே வருகின்றன. 2018 அக்டோபரில் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விழித்துக்கொண்டு, இறக்குமதிப் பருப்பில் கிளைபோசேட் எச்சத்தைச் சோதியுங்கள் என்றது. அன்று பருப்புக்கு நம் சட்டத்தில் அந்த மருந்துக்கு அளவே இல்லை. இருக்காதுதானே? நம் பருப்பு வயலில்தான் அதற்கு அனுமதியே இல்லையே! உடனே என்ன செய்தார்கள்? கோடெக்ஸ் என்ற சர்வதேச அமைப்பின் அளவைக் கடன் வாங்கினார்கள். மைசூர்ப் பருப்பில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றார்கள்.

நான் விஞ்ஞானி இல்லை. 5 மில்லிகிராம் விஷமா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று கேட்க எனக்கு உரிமை உண்டு. அந்த மருந்து ஆபத்து என்றால் கனடாவிலிருந்து வரும் பருப்பில் அதை ஏன் அனுமதிக்கிறீர்கள்? ஆபத்தில்லை என்றால் என் வயலில் ஏன் தடுக்கிறீர்கள்? இரண்டில் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள்!

அடுத்தது, பூச்சித் தடுப்பு. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, வெளிநாட்டுப் பருப்பைக் கப்பலேற்றும் முன்பே அந்த நாட்டில் மெத்தில் புரோமைடு புகை போட்டு அனுப்ப வேண்டும். எங்களால் முடியாது என்று கனடா சொன்னது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு என்று அவர்கள் சொன்ன காரணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் அரசு ஆண்டுக்கணக்காக விதிவிலக்கை நீட்டித்துக்கொண்டே போனதே! சரக்கு இங்கே வந்த பிறகு புகை போட்டுக்கொள்ளலாம் என்றதே! ஈரப்பதத்தில் அரை சதவீதம் கூடியதற்காக நமக்கு என்றைக்காவது இப்படித் தவணை கிடைத்ததுண்டா?

இறக்குமதித் தானியத்தில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரப்பிலேயே சாட்சி நிற்கிறது. பார்த்தீனியம்! 1950களில் புனே பக்கத்தில் முதலில் கண்ணில் பட்ட செடி. அமெரிக்கக் கோதுமையோடு கலந்து வந்தது என்பது பரவலான கருத்து. இன்றைக்கு நாடு முழுக்கப் பரவி, பிடுங்குகிறவர் கையில் அரிப்பையும் மூச்சில் இழுப்பையும் தருகிறது. அன்று துறைமுகத்தில் விட்ட கோட்டைக்கு இன்றும் கூலி கொடுத்துக் களை எடுப்பது நாம்தான்.

இனி விலைக்கு வருவோம். உளுந்துக்கும் துவரைக்கும் 2021 மே மாதம் இறக்குமதிக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அதற்கடுத்த மாதமே, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்குகிறோம் என்று மியான்மருடன் ஒப்பந்தம் போட்டார்கள். அன்று திறந்த கதவைத் தவணை தவணையாகத் திறந்தே வைத்தார்கள். மஞ்சள் பட்டாணிக்கு 2017இல் 50 சதவீதமாக இருந்த வரி 2023 டிசம்பரில் பூஜ்யமானது. 2024-25இல் நாட்டின் பருப்பு இறக்குமதி 70 லட்சம் டன்னைத் தாண்டியது. விவசாயிகளின் கூக்குரலுக்குப் பிறகு 2025 நவம்பரில்தான் பட்டாணிக்கு 30 சதவீத வரி வந்தது. அதே ஆண்டில்தான் பருப்பில் தன்னிறைவு காணப்போகிறோம் என்று 11,440 கோடி ரூபாயில் ஒரு திட்டமும் அறிவித்தார்கள். விலையைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, விதையைக் கையில் கொடுத்து விதைக்கச் சொன்னால் எந்த விவசாயி விதைப்பான்?

உள்நாட்டு விளைச்சல் போதவில்லை, இறக்குமதி இல்லாவிட்டால் ஏழையின் சாம்பாரில் பருப்பு இருக்காது என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. பற்றாக்குறை இருந்தால் வாங்குங்கள். மியான்மரில் உளுந்து விளைவிப்பவனும் நம்மைப் போல மண்ணில் கிடந்து உழல்கிறவன்தான். அவனோடு நமக்குப் பகை கிடையாது. ஆனால் ஏழைக்கு விலை குறைவாகப் பருப்பு வேண்டும் என்றால், சோதனை குறைவான பருப்பும் போதும் என்று அர்த்தமா? ஏழை வயிறு என்ன இரண்டாந்தர வயிறா?

உலக வர்த்தக அமைப்பின் விதி கையைக் கட்டுகிறது என்றும் சொல்கிறார்கள். இறக்குமதிச் சரக்கை உள்நாட்டுச் சரக்கைவிடத் தாழ்த்தி நடத்தாதே என்றுதான் அந்த விதி சொல்கிறது. உயர்த்தி நடத்து என்று எந்த விதியும் சொல்லவில்லை. நாமும் சமமாக நடத்து என்றுதான் கேட்கிறோம்.

இந்தக் குரல் டெல்டாவில் மட்டும் எழவில்லை. பிரான்ஸ் விவசாயிகள், எங்களுக்குத் தடை செய்த மருந்தைத் தெளித்து விளைந்த பொருளை எங்கள் சந்தையில் விற்காதே என்று டிராக்டரோடு சாலைக்கு வந்தார்கள். பிரிட்டனில், தரச் சான்றிதழுக்குப் பணம் கட்டி அத்தனை சோதனைக்கும் உட்பட்டுத் தானியம் விற்கிறவர்கள், சான்றிதழ் இல்லாத இறக்குமதித் தானியம் அதே ஆலைக்குள் நுழைவதைப் பார்த்துக் கொதிக்கிறார்கள்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: இந்திய விவசாயி எந்தப் பயிரில் எந்த மருந்தைத் தெளிக்கக் கூடாதோ, அந்த மருந்தின் எச்சத்தோடு அந்தப் பயிரின் விளைச்சல் நாட்டுக்குள் வரக் கூடாது.

இரண்டு: சென்னையிலும் தூத்துக்குடியிலும் மற்றத் துறைமுகங்களிலும் இறங்கும் ஒவ்வொரு சரக்கின் சோதனை முடிவையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நம் மூட்டையை எல்லோர் முன்னாலும்தானே சோதிக்கிறார்கள்?

மூன்று: கடையில் விற்கும் பருப்புப் பொட்டலத்தில், உடைத்த ஆலையின் பெயரோடு, விளைந்த நாட்டின் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்கு: நம் அறுவடை சந்தைக்கு வரும் மாதங்களில் வரியில்லா இறக்குமதியை நிறுத்த வேண்டும்.

தோழர்களே, இதில் சலுகை என்று ஏதாவது இருக்கிறதா? மானியம் கேட்டோமா? தள்ளுபடி கேட்டோமா? நம்மை அளக்கிற கோலாலேயே அவர்களையும் அள என்கிறோம், அவ்வளவுதான். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் இந்த நான்கையும் நீட்டுங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உட்கார வைத்துப் பேசுங்கள். மழுப்பினால், துறைமுகத்துக்கு ஏன் வேறு சட்டம் என்பதை ஊர் நடுவில் நின்று விளக்கச் சொல்லுங்கள். விளக்கும் வரை விடாதீர்கள்!