பதினான்கு மாத்திரைகள்



சென்ற ஆண்டு ஆனித் திங்களில் ஒரு நாள், பொழுது சாய்ந்து ஒரு நாழிகை கடந்திருக்கும். மண்டகப்பட்டில் என் இல்லத்துத் திண்ணையில் இருந்தேன். மார்பை இறுக்கும் வலி, மேனியெங்கும் வியர்வை. வாயுத் தொல்லை என்றே எண்ணினேன். துணைவியார் அதனை ஏற்காமல் 108-ஐ அழைத்துவிட்டார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்து, மாரடைப்பு என்றனர். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரல் நான்கு, அட்டார்வாஸ்டாடின் எட்டு, ஆகப் பதினான்கு மாத்திரைகளைச் செவிலியர் என் உள்ளங்கையில் வைத்தார். முன்னிரண்டும் இரத்தம் மேலும் உறையாமல் தடுப்பவை. நான் தயங்கினேன். இரவுண்ணாமை முப்பது ஆண்டுகள் காத்த நோன்பன்றோ!

“ஔடதத்தைத் தானமென்று வகுத்ததும் நம் சமயந்தானே? விழுங்குங்கள், பிராயச்சித்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார் துணைவியார். விழுங்கினேன்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரையில் 108 ஊழியர் என் கையை விடவேயில்லை. அவர் பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன். இந்த மேடையிலிருந்தே அவருக்கு நன்றி கூறுகிறேன். அங்கே இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி செலுத்திக் காத்தனர்.

இல்லம் திரும்புமுன், பிராயச்சித்தமாக உபவாசம் இருக்க விழைந்தேன். மருத்துவர் ஒப்பவில்லை. ஆனால், மாத்திரை உட்கொள்ளும் வேளைகளையெல்லாம் பொழுது சாய்வதற்கு முன்னரே அமைத்துத் தந்தார்.