காசு கொடுத்துப் பெறும் பட்டம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தனியார் கல்லூரியிற் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா என்பது பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். கொழும்பில் அத்தகைய கல்லூரி ஒன்றிலே இறுதியாண்டு பயில்பவன் என்ற ஒரே தகுதியுடன் உங்கள்முன் நிற்கிறேன்.

உயர்தரப் பரீட்சையிலே தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்குள் செல்கின்றனர். பதுளை கல்வி வசதி குறைந்த மாவட்டமாகக் கணிக்கப்பட்டிருப்பதால் நமக்குச் சில இடங்கள் மேலதிகமாக உண்டு. ஆயினும் அவை மாவட்டத்துக்குரியவை, லயத்துக்குரியவை அல்ல. பட்டணத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையும், விஞ்ஞான ஆசிரியரைக் கண்டிராத தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் எழுந்தது. தேயிலைத் தொழினுட்பத்துக்கும் அங்கே பட்டம் உண்டு. அதைக் கற்போரில் கொழுந்து கிள்ளும் தாய்மாரின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் சங்கம் ஒருநாள் கணக்கெடுக்குமாயின் நன்று.

வெளியே நின்றுவிட்ட பிள்ளைகளைத் தேடித்தான் விளம்பரம் வருகிறது. பஸ்ஸின் முதுகிலும் வருகிறது, கைத்தொலைபேசியிலும் வருகிறது. அதில் கறுப்பு அங்கியணிந்து சிரிக்கும் பிள்ளையைக் கண்டதும் நம் பெற்றோருக்கு மனம் இளகிவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் மாதம் இருபது நாள் பேர் விழுந்தால் 27,000 ரூபா. பத்து இலட்சம் ரூபா கேட்கும் ஒரு பாடநெறியை எடுத்துக்கொண்டால், உண்ணாமல் உடுக்காமல் மூன்றாண்டுக்கு மேல் ஒரு தாய் மலையேற வேண்டும். என் வீட்டிலும் அம்மாவின் சேமலாப நிதியும் அக்காவின் காப்பும் இதிலேதான் போயின. அக்காவுக்குக் காப்பு இன்னும் திரும்பவில்லை.

கல்வியைத் தனியார் நடத்துவது நமக்குப் புதிதன்று. 1960, 61ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை இந்நாட்டின் பாடசாலைகளிற் பல மிஷன்களாலும் சங்கங்களாலும் நடத்தப்பட்டவையே. நான் கற்றதும் ஒரு மிஷன் பாடசாலையிலேதான். இரண்டு நாள் போகாவிட்டால் அதிபர் லயத்துக்கே ஆள் அனுப்பி விசாரிப்பார். இப்போது பயிலும் கல்லூரியிலும் விசாரிக்கிறார்கள், தவணைப் பணம் பிந்தும்போது.

நிற்க. பட்டம் என்று எழுதியவையெல்லாம் பட்டமல்ல. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்துக்கு 1985இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தனியார் நிறுவனமொன்று பட்டம் வழங்குவதற்கு அங்கீகாரம் பெறவேண்டும். அந்த அங்கீகாரமும் நிறுவனத்தின் பெயருக்கு மட்டுமன்று. குறிப்பிட்ட பாடநெறிக்கும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அங்கீகாரமில்லாப் பட்டத்தைக் கொண்டு அரசாங்கப் பள்ளியில் ஆசிரியராகவும் முடியாது, நிர்வாக சேவைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. நம்மூரிலோ பட்டம் என்றதும் பெற்றோர் நினைப்பது ஆசிரியத் தொழிலைத்தான்!

அங்கீகாரம் இருந்தாலும் போதாத துறைகள் உள. மாலபேயில் இருந்த சைட்டம் என்னும் தனியார் மருத்துவக் கல்லூரியை நினைவுகூருங்கள். 2011இல் அதற்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைத்தது. ஆனால், மருத்துவ சபை அதன் பட்டதாரிகளைப் பதிவுசெய்ய மறுத்தது. 2017 சனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின்னும் வேலைநிறுத்தங்களும் ஊர்வலங்களும் ஓயவில்லை. அவ்வாண்டே கல்லூரியை ஒழிக்க அரசாங்கம் முடிவு செய்தது. மாணவர் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டனர். தனியார் மருத்துவக் கல்வி நல்லதா கெட்டதா என்ற வழக்கை இன்று நான் எடுக்கவில்லை. பட்டம் தருபவர் ஒருவர், தொழில் செய்ய அனுமதி தருபவர் வேறொருவர் என்பதையே சொல்ல வந்தேன். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு வீணான இரண்டாண்டு இரண்டாண்டுதான். நம் வீட்டுக்கு அது தம்பியின் படிப்பையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அப்படியானால் எனக்குப் பயனே இல்லையா? உண்டு. ஆங்கிலத்தில் அஞ்சாமற் பேசக் கற்றேன். கணினி வேலை கற்றேன். எல்லாவற்றிலும் பெரிது, பாடத்தின் ஓர் அங்கமாக ஒரு கம்பனியிலே ஆறு மாதம் பழகியது. படிப்பு முடிந்ததும் வரலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். என் பட்டத்தின் பெயரை அவர்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. செய்த வேலையைத்தான் பார்த்தார்கள். ஆதலால் கல்லூரியைத் தேடுவோர் கட்டடத்தைப் பாராமல், பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள், சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டும். முகம் சுளித்தால் பஸ் ஏறித் திரும்பிவிடலாம்.

காசில்லாத வழிகளையும் முதலிற் பாருங்கள். ஆசிரியராக விரும்புவோருக்குப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. பதுளையிலே தொழினுட்பக் கல்லூரி உண்டு. கணக்காளர் பரீட்சைகளை வேலை செய்துகொண்டே எழுதலாம். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. தனியார் பட்டந்தான் வேண்டுமென்றால், 2017இல் அரசாங்கம் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டத்தை விசாரியுங்கள். வட்டியில்லாவிட்டாலும் கடன் கடன்தான் என்பதை அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிட்ட அங்கீகாரப் பட்டியலின் பிரதியொன்றை வாசகசாலை மேசையில் வைத்திருக்கிறேன். யார் வீட்டிலாவது கல்லூரித் துண்டுப்பிரசுரம் இருந்தால் வரும் ஞாயிறு காலையில் கொண்டுவாருங்கள். பணம் கட்டுமுன் இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்போம்.