தேவையும் கருணையும்



இளம்பிள்ளை வாதம் ஒரு காலத்தில் நம் நாட்டுக் குழந்தைகளை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் முடமாக்கிவந்தது. அந்நோய்க் கிருமி நம் நாட்டில் இயற்கையாகப் பரவி ஒரு குழந்தையைக் கடைசியாகத் தாக்கியது 2011-ஆம் ஆண்டில். 2014-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்கு விடுதலைச் சான்று வழங்கியது. இந்த வெற்றிக்கு விஞ்ஞானிகள் உழைப்பைக் கொடுத்தார்கள்; அரசுகள் பொருளைக் கொடுத்தன. உயிரைக் கொடுத்தவை குரங்குகள்.

அமெரிக்க மருத்துவர் ஜோனாஸ் சால்க் கண்ட தடுப்பு மருந்து 1955-ஆம் ஆண்டு ஏப்ரலில் பயன் தருவதென அறிவிக்கப்பெற்றது. கிருமியை வளர்த்து, பின் அதைக் கொன்று அம்மருந்தைச் செய்தார்கள். உயிருள்ள அணுக்களில் அன்றி அக்கிருமி வளராது. ஆகவே குரங்கின் சிறுநீரகத்தை நாடினார்கள். வட இந்தியாவில் பிடிபட்ட ரீசஸ் இனத்துக் குரங்குகள் கூண்டுகளில் அடைபட்டுக் கடல் கடந்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத் திணறி மாண்டன. அவை ஆராய்ச்சிக்காக மாண்டவை அல்ல; மனிதரின் கவனக் குறைவால் மாண்டவை. இந்திய அரசு ஏற்றுமதியைச் சில காலம் நிறுத்திப் பின் கட்டுப்பாடுகளோடு மீண்டும் அனுமதித்தது.

அம்மருந்தே வேண்டாம் என்று நான் கூறமாட்டேன். கால் சூம்பிய குழந்தையைத் தோளில் சுமந்து நிற்கும் தாயின் முன் அப்படிக் கூற எனக்கு நா எழாது. ஆனால், 'தேவை' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பாரோடும் நான் உடன்படவில்லை. ஏனெனில், தேவை என்பது மாறிக்கொண்டே இருப்பது.

1962-ஆம் ஆண்டில் ஜப்பானின் சீபா பல்கலைக்கழகத்தார் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரக அணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் ஓயாது பெருகும்படி வளர்த்தார்கள். 'வீரோ' எனப் பெயர் பெற்ற அவ்வணுக்கள் இன்றும் பல நாட்டு ஆராய்ச்சிச்சாலைகளில் பெருகிவருகின்றன. தடுப்பு மருந்து செய்வோர் பலர் பின்னாளில் அவற்றைக் கைக்கொண்டனர். எத்தனையோ குரங்குகளின் உயிரைக் கேட்ட வேலை, ஒரே குரங்கின் அணுக்களால் நடைபெறலாயிற்று. 1978-ஆம் ஆண்டில் இந்தியா குரங்கு ஏற்றுமதியை முற்றிலும் தடைசெய்தது. அதனால் மருத்துவம் நின்றுவிடவில்லை. நேற்றுத் தேவையாக இருந்தது இன்று வெறும் பழக்கமாக நீடிக்கக்கூடும். இரண்டையும் பிரித்தறிவது அறத்தின் கடமை. விஞ்ஞானத்தின் கடமையும் அதுவே.

இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மூன்று நெறிகளை வகுத்தார்கள். பிராணியின்றிச் செய்ய இயலுமானால் அவ்வழியை மேற்கொள்க. இயலாதெனில் எண்ணிக்கையைக் குறைக்க. எஞ்சியவற்றுக்கும் துன்பத்தைத் தணிக்க. மறு ஆண்டில் நம் நாட்டில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. மாநிலங்கள் அவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதா அதற்கு வழிகோலியது. சோதனைகளை அச்சட்டம் அடியோடு விலக்கவில்லை. ஆனால் கட்டுப்படுத்த வழிசெய்தது. பள்ளி கல்லூரிகளில் நூல், மாதிரி உருவம், திரைப்படம் ஆகியவையே போதுமான இடத்தில் பிராணியை நாடுதலைத் தவிர்க்கவேண்டும் என்பதும், வெறும் கைப்பழக்கத்துக்காகச் சோதனை செய்தலை இயன்றவரை விலக்கவேண்டும் என்பதும் அதில் உள்ளன.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை ஆராய்ச்சியாளர் ஆவீர்கள். அங்கே கூண்டில் ஓர் எலியோ முயலோ இருக்கும். 'எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்னும் விடையோடு அமைந்துவிடாதீர்கள். இந்தச் சோதனை எதை அறிவதற்கு? அது முன்பே அறியப்பட்டதா? வேறு வழி உண்டா? இவற்றைக் கேட்டறிந்த பின்னரே கருவியைக் கையில் எடுங்கள். தக்க விடை கிடைக்காவிட்டால் அதைக் கீழே வைக்கும் துணிவும் உங்களுக்கு வேண்டும்.