எழுந்து நிற்க ஒரு துணை

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் ஆகியவை பற்றி நாம் இவ்விடத்தில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நாற்காலியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நாற்காலிக்கும் கிராம வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் வியக்கலாம்.

சென்ற கோடையில் குடிநீர்க் குழாய்களைப் பார்வையிட ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். குழாயில் தண்ணீர் தாராளமாக வந்தது. வாயிலில் தாழ்ந்த நாற்காலியொன்றில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம், "தண்ணீர் போதுமா, அம்மா?" என்று கேட்டோம். "தண்ணீருக்கு என்ன குறை ஐயா? நான்தான் குடிப்பதில்லை. குடித்தால் அடிக்கடி எழுந்து போகவேண்டும். தூக்கிவிட மருமகள் வேலையிலிருந்து வரவேண்டுமே!" என்றார். அவ்வீட்டின் குடிநீர்த் தேவை நிறைவு பெற்றதாக நாம் கணக்கில் எழுதியிருந்தோம். அன்று அக்கணக்கு நமக்கு நாணத்தைத் தந்தது.

எழுவது இவ்வளவு கடினமாவது ஏன்? இருக்கை தாழ்ந்திருக்குமாயின் முழங்காலும் இடுப்பும் மிகுதியாக மடங்குகின்றன. எழும்போது தொடைத் தசைகள் பெரும் பாரத்தைத் தாங்க நேருகிறது. இருக்கை சற்று உயர்ந்தால் அப்பாரம் குறைகிறது. ஆகவே முதற்கண் செய்யத்தக்கது, நாற்காலியின் உயரத்தைச் சீர்செய்வதே. ஊர்த் தச்சரைக் கொண்டு, கால்கள் நழுவாதபடி குழி செதுக்கிய மரக்கட்டைகளை அடியில் அமைக்கலாம். உயர்த்திய பின்னும் பாதங்கள் தரையில் நன்கு பதியவேண்டும். உறுதியான கைப்பிடிகளும் வேண்டும். எடை குறைந்த பிளாஸ்டிக் நாற்காலி, அழுத்தி எழும்போது வழுக்கிச் சாயக்கூடும். எழும் முறையும் உண்டு: இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னிழுத்து, உடலை முன்சாய்த்து எழவேண்டும்.

இவற்றாலும் எழ இயலாதவர் உளர். கடுமையான மூட்டுவாதம், பார்க்கின்சன் நோய், தசைத் தளர்ச்சி ஆகியவற்றால் துன்புறுவோருக்கு, மின்விசையால் உயரும் நாற்காலி உதவக்கூடும். அதன் இருக்கைக்கு அடியில் எஃகுச் சட்டமும் மோட்டாரும் உள்ளன. கையிலுள்ள பொத்தானை அழுத்தினால், மோட்டார் ஒரு தண்டை மெல்ல வெளித்தள்ளுகிறது. நாற்காலி மேலெழுந்து முன்புறமாகச் சாய்கிறது. அமர்ந்தவரின் பாரம் சிறிது சிறிதாகப் பாதங்களுக்கு மாறுகிறது. அவர் பிறர் கையை எதிர்பாராமல் நிற்கிறார்.

ஆயினும் இதனை வாங்குமுன் ஆராய்தல் அவசியம். இது நிற்க வைக்குமேயன்றி நடக்க வைக்காது. நின்றபின் தம்மைத் தாங்கிக்கொள்ள இயலாதவருக்கு இது ஆபத்தாக முடியும். தாமே எழ வல்லவர் இதனையே நம்பியிருந்தால் கால்வலிமை குன்றும். எனவே மருத்துவரையோ இயன்முறை சிகிச்சையாளரையோ கலந்தே முடிவு செய்யவேண்டும். எழுந்தவுடன் சிலருக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். ஆதலால் சற்று நிதானித்தே அடியெடுத்து வைக்கவேண்டும். நாற்காலி இறங்கும்போது அடியில் குழந்தைகள் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்தடையையும் மறத்தலாகாது. நாமறிந்த ஒரு வீட்டில், முதியவர் சாய்ந்திருந்த வேளையில் மின்சாரம் நின்றது. வெளியே சென்றிருந்த மகன் திரும்பும்வரை அவர் அப்படியே கிடந்தார். மின்சாரம் நின்றாலும் இயங்க மின்கலம் உள்ளதா என்று முன்னரே கேட்டறிந்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது.

விலையைக் கேட்டு மலைப்பவர்கள் பிற உதவிகளையும் அறிந்திருத்தல் நன்று. 2017ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம், வறிய முதியோருக்கு ஊன்றுகோல், நடைச்சட்டம், சக்கர நாற்காலி முதலியவற்றை வழங்க ஏற்பட்டது. 2021இல் நமது மாநிலத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டு வந்தது. இவற்றைத் தேடி வர இயலாதவர்களுக்காக நாம்தான் தேடிச் செல்லவேண்டும்.

அந்த மூதாட்டியின் வீட்டில் மின் நாற்காலி தேவைப்படவில்லை. இருக்கையை உயர்த்தியதும், கழிவறைச் சுவரில் குழாய்க் கைப்பிடி பதித்ததும் போதுமாயின. மறுமுறை சென்றபோது அவர் தாமே எழுந்து வந்து, நமக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார்; தாமும் குடித்தார்.

அன்பர்களே! இனி நீங்கள் வீடுதோறும் செல்கையில், "தண்ணீர் வருகிறதா?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "இவ்வீட்டில் தாமே எழ முடியாதவர் எவரேனும் உளரா?" என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கான விடைகளை அடுத்த கூட்டத்திற்கு எழுதிக்கொண்டு வாருங்கள். பணியை அங்கிருந்து தொடங்குவோம்.