முருகைத் தொட்டிக்கு ஏற்ற விளக்கு

கடலடியிற் கல்லைப் போலக் கிடக்கும் முருகை, உண்மையில் உயிர்ப்பிராணிகளின் கூட்டமாகும். வீட்டிலே கடல்நீர்த் தொட்டி அமைத்து அதனை வளர்க்க விரும்பும் நேயர்கள், விளக்கைப் பற்றி எண்ணுமுன் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். மீன்தொட்டியில் விளக்கு வெறும் அலங்காரம். முருகைக்கோ அதுவே சோறு.

முருகையின் மெல்லிய தசையினுள்ளே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை ஆக்கும் உணவின் பெரும்பகுதி, இடங்கொடுத்த முருகைக்கே சேர்கின்றது. ஒளி போதாதாயின் முருகை கபிலநிறம் பூண்டு நாளடைவில் மெலியும். ஒளி மிஞ்சினாலோ பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 1998 ஆம் ஆண்டில் இந்து சமுத்திரம் அளவுமீறிச் சூடேறியபோது ஹிக்கடுவை முருகைகள் வெளுத்தமை பலருக்கு நினைவிருக்கும். அங்கே வெப்பம் செய்த வேலையைத் தொட்டியில் பொருந்தாத விளக்கொன்று செய்துவிடும்.

ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், உயிருள்ள பாறைகளையும் இயற்கையான வெயிலையும் கொண்டு முருகை வளர்த்த தமது முறையை 1961 இல் வெளியிட்டார். வெயில் விழாத வீட்டினர் பிற்காலத்தில் உலோக ஏலைட்டு விளக்குகளை நாடினர். அவை நல்லொளி தந்தன. ஆயின் நீரையும் சூடாக்கின. குமிழ்களும் ஓராண்டு அளவிலே வலுக்குன்றின. யப்பானில் சுஜி நக்கமுரா 1993 இல் பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை ஆக்கிய பின்னரே வேறு வழி திறந்தது. அக்கசாக்கி, அமனோ ஆகியோருடன் அவர் 2014 இல் நொபெல் பரிசு பெற்றார்.

நீலம் ஏன் இத்துணை முக்கியம்? கடல்நீர் சிவப்பொளியைச் சில மீற்றர் ஆழத்துள்ளேயே விழுங்கிவிடுகின்றது. நீலமே ஆழத்துக்கு இறங்குகின்றது. பாசியின் நிறப்பொருள்களும் 400 முதல் 500 நனோமீற்றர் வரையுள்ள கதிர்களையே மிகுதியாகக் கொள்கின்றன. எனவே நீலம் மேலோங்கிய விளக்கே தக்கது. கண்ணுக்கு இனிமையாகச் சிறிது வெள்ளையுங் கலந்திருக்கலாம்.

விலைகொடுக்கும்போது உவாற்றுக் கணக்கை மட்டும் நோக்குதல் ஏமாற்றத்துக்கு வழி. அறியவேண்டியது 'பார்' எனும் அளவு. அதாவது, ஒளித்தொகுப்புக்கு உதவும் ஒளித்துணிக்கைகள் ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்குரோமூல் விழுகின்றன என்பது. மென்முருகைகளுக்கு 50 முதல் 100 வரை போதும். கிளைவிட்டு வளரும் கல்முருகைகளுக்கு 200 முதல் 350 வரை வேண்டப்படும். சாதாரண இலக்ஸ் மானி இங்கே பொய்யே சொல்லும். மனிதக் கண் பச்சையை மிகுதியாக உணர்வதை ஒட்டி அமைந்த கருவியாதலால் நீலத்தைக் குறைத்தே காட்டும். பார்மானி விலை கூடியது. சிலர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பயன்படுத்துதல் புத்தி.

இன்னொன்று, ஒளியின் பரவல். குறுகிய வில்லை பொருத்திய விளக்கின் நேர்கீழே ஒளி சுடும். மூலைகளோ இருண்டு கிடக்கும். கிளைகளின் நிழல் விழும் அடிப்பாகம் மெல்லச் செத்துவிடும். நீண்ட தொட்டிக்குப் பேராற்றல் வாய்ந்த ஒரு விளக்கிலும், நடுத்தரமான இரண்டைத் தள்ளித் தள்ளித் தொங்கவிடுதல் நன்று. உப்புத் துளி தெறித்து விளக்கின் விசிறி துருப்பிடிக்கும் என்பதனால் நீரோடு ஒட்டித் தாழ்த்துதலும் ஆகாது.

கல்முருகை இனங்கள் அருகிவரும் உயிர்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. தொட்டியில் ஒன்று மாண்டால் கடைக்குப் போய் இன்னொன்று கொணரலாம் என்றிருப்பவர், கடலுக்கே கணக்கெழுதுகின்றார்.

புதிய விளக்கை முதல்நாளே முழுவலுவில் எரித்தலாகாது. பாதிக்குங் குறைவாகத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுக. நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் போதுமானது. நிறம் வெளிறத் தொடங்கினால், மறுநாளைக்கென்று காத்திராது அன்றே ஒளியைக் குறைத்தல் வேண்டும்.